முதலில் முடித்துவிடும் பையனுக்கு என்ன கொடுப்பது?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். வேலைக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. என் எட்டாம் வகுப்பில் 46 பிள்ளைகள். அதில் ஒரு பையன். அப்பா காசிமேட்டில் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறார். நான் கணக்கைப் பலகையில் எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவான். நோட்டில் வழிமுறை எழுத மாட்டான், விடை மட்டும்தான் இருக்கும். அதனால் தேர்வில் மதிப்பெண் போகிறது. முடித்ததும் பக்கத்துப் பையனிடம் வம்பு, பென்சிலால் பெஞ்சில் தாளம். கூடுதலாகப் பத்துக் கணக்கு கொடுத்துப் பார்த்தேன். இரண்டு நாள் செய்தான். மூன்றாம் நாள், "எனக்கு மட்டும் ஏன் மிஸ்?" என்றான். படிப்பில் பின்தங்கியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கச் சொன்னால் விடையைக் காட்டிவிடுகிறான். ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்துவிடலாமா? "அவன் எப்படியும் பாஸாகிவிடுவான், ஃபெயிலாகிற பத்துப் பேரைப் பாருங்கள்" என்கிறார்கள் ஸ்டாஃப் ரூமில். அதுவும் நியாயமாகத்தான் படுகிறது. இன்னொன்று: அவன் கேட்கும் சில கேள்விகளுக்கு எனக்கே விடை தெரியவில்லை. அவன் கையைத் தூக்கினாலே பயமாக இருக்கிறது.

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

"எனக்கு மட்டும் ஏன் மிஸ்?" என்று அவன் கேட்டது நியாயமான கேள்வி. முதலில் முடித்தவனுக்கு இன்னும் பத்துக் கணக்கு என்றால் அது அவனுக்குத் தண்டனையாகத்தான் தெரியும். அதே வகைக் கணக்கு, எண்கள் மட்டும் வேறு. பல பிள்ளைகள் இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டு மெதுவாக முடிக்கப் பழகிவிடுவார்கள். சிலர் முடித்த நோட்டைக் கையால் மறைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் பையன் வாய்விட்டுக் கேட்டிருக்கிறான். உங்களிடம் கேட்கலாம் என்ற தைரியம் அவனுக்கு இருக்கிறது. அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நாற்பது நிமிட பீரியடில் பதினைந்து நிமிடத்தில் அவன் முடித்துவிடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். மீதி 25 நிமிடம். வருடத்துக்கு 200 நாள் பள்ளி என்றால் 5,000 நிமிடம், அதாவது 83 மணி நேரம். பதிமூன்று வயதுப் பிள்ளையை ஒரு வருடத்தில் 83 மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கச் சொல்கிறோம். தாளம் போடாமல் என்ன செய்வான்?

நான் 33 வருடம் வடசென்னையில்தான் கணக்கு சொல்லிக் கொடுத்தேன். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, கடைசியாகத் திருவொற்றியூர். ஸ்டாஃப் ரூமில் உங்களிடம் சொன்னதையே என்னிடமும் சொன்னார்கள். பிற்பாடு நானே அதை இளம் ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன். ஃபெயிலாகிற பத்துப் பேரைப் பார்க்க வேண்டும்தான், அதில் மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் அவர்களுக்கு ஒரு கணக்கு, இவனுக்கு வேறொரு கணக்கு என்று பிரித்தே ஆக வேண்டும் என்று ஏன் நினைக்கிறோம்? ஒரே கணக்கை 46 பேருக்கும் கொடுக்கலாம். வாய்ப்பாடு தடுமாறுகிற பிள்ளையும் அதில் கை வைக்க முடிய வேண்டும். இவன் ஒரு வாரம் தோண்டினாலும் தீராமல் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட கணக்குகள் நிறைய இருக்கின்றன. ஒன்றை மட்டும் முழுதாகச் சொல்கிறேன், நாளைக்கே நீங்கள் வகுப்பில் எடுக்கலாம்.

நம் பகுதிப் பிள்ளைகளுக்குக் கேரம் போர்டை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா வடசென்னைப் பெண்தான். கட்டம் போட்ட கணக்கு நோட்டில், நீளம் 6 கட்டமும் அகலம் 4 கட்டமுமாக ஒரு செவ்வகம் வரையச் சொல்லுங்கள். அதுதான் போர்டு. நான்கு மூலையிலும் பாக்கெட். கீழே இடது மூலையில் இருந்து ஸ்டிரைக்கரை 45 டிகிரியில் அடிக்கிறோம். ஒவ்வொரு கட்டத்தையும் மூலைக்கு மூலை வெட்டிக்கொண்டு போகும். கட்டையில் பட்டால் அதே கோணத்தில் திரும்பும். ஏதாவது ஒரு பாக்கெட்டில் விழும் வரை நிற்காது. எத்தனை முறை கட்டையில் படும்? மொத்தம் எத்தனை கட்டத்தைக் கடக்கும்?

6க்கு 4 போர்டில் மூன்று முறை படும், 12 கட்டம் கடக்கும். ஸ்கேலும் பென்சிலும் இருந்தால் யாரும் வரைந்துவிடலாம். 5க்கு 3 போர்டில் ஆறு முறை படும், 15 கட்டம். 5க்கு 5 என்றால் எங்கேயும் படாமல் நேராக எதிர் மூலைக்குப் போய்விடும். ஒவ்வொரு பெஞ்சுக்கும் ஒரு அளவைக் கொடுத்து, வருகிற விடைகளைப் பலகையில் வரிசையாக எழுதுங்கள். கொஞ்ச நேரத்தில் எங்கிருந்தாவது ஒரு குரல் வரும்: "மிஸ், வரையாமலே சொல்லலாம் மிஸ்."

கடக்கும் கட்டங்களின் எண்ணிக்கை இரண்டு பக்கங்களின் மீச்சிறு பொது மடங்கு. படுகிற எண்ணிக்கைக்கு, இரண்டு பக்கத்தையும் அவற்றின் மீப்பெரு பொதுக் காரணியால் வகுத்து, கூட்டி, 2ஐக் கழிக்க வேண்டும். 6க்கு 4 என்றால் பொதுக் காரணி 2. மூன்றும் இரண்டும் ஐந்து, அதில் 2 போனால் 3. ஆறாம் வகுப்பில் படித்து, எதற்கு என்றே தெரியாமல் மறந்துபோன இரண்டு விஷயங்கள் கேரம் போர்டில் வந்து நிற்கும்போது பிள்ளைகள் முகத்தைப் பாருங்கள்.

உங்கள் பையன் இந்த விதியைப் பத்து நிமிடத்தில் பிடித்துவிடக்கூடும். உடனே டிக் போட்டுவிடாதீர்கள். "சரி, எல்லா போர்டுக்கும் இது பொருந்தும் என்று எப்படித் தெரியும்? அந்த 2ஐ எதற்குக் கழிக்கிறாய்?" என்று கேளுங்கள். அங்கே அவன் நிற்பான். அவனுக்கு அது புது அனுபவமாக இருக்கும், எரிச்சல்கூட வரும். ஓரிரு நாள் விடுங்கள். ரொம்பத் தவித்தால் எதுவும் சொல்ல வேண்டாம், ஒரு தாளை எடுத்து அவன் கண் முன்னால் மடித்து விரித்துக் காட்டுங்கள். போர்டு கட்டையில் முடியாமல், கண்ணாடியில் தெரிகிற மாதிரி அந்தப் பக்கமும் இன்னொரு போர்டு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டால், உடைந்து உடைந்து போகும் பாதை ஒரே நேர்கோடாகிவிடும். அதைப் பார்த்துவிட்டான் என்றால் மீச்சிறு பொது மடங்கு ஏன் வருகிறது என்று தானாகவே சொல்வான்.

இந்தக் கணக்கை நான் முதன்முதலில் வகுப்பில் கொடுத்த நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது பத்தாம் வகுப்பு, பிப்ரவரி மாதம். என் வகுப்பிலும் ஒரு வேகக்காரப் பையன் இருந்தான், அவனை மனதில் வைத்துத்தான் கொண்டுபோனேன். அவன் விறுவிறுவென்று எட்டு போர்டு வரைந்து எண்களை வைத்து விதி தேடிக்கொண்டிருந்தான். நான்காவது பெஞ்சில் ஒரு பெண். "மெல்ல மலரும் மாணவர்கள்" பட்டியலில் அவள் பெயரை எழுதியவளே நான்தான். ஏழாம் வாய்ப்பாடு தடுமாறும். கழித்தலில் கடன் வாங்க மறந்துவிடுவாள். அன்று அவள் ஒரே ஒரு போர்டுதான் வரைந்திருந்தாள், அந்த 6க்கு 4. பக்கத்தில் 12க்கு 8 என்று எழுதி, எதுவும் வரையாமல் 3 என்று போட்டிருந்தாள்.

"ஏன் வரையலை?" என்றேன்.

"இதேதானே மிஸ் அது. கிட்ட போய்ப் பார்த்தா பெருசா தெரியற மாதிரி."

பொதுக் காரணியால் ஏன் வகுக்கிறோம் என்பதற்கு அதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை. ஜூனில் இருந்து அவள் என் கண் முன்னால் உட்கார்ந்திருந்தாள். எட்டு மாதமாக அவளுக்கு நான் கழித்தல் கணக்கு மட்டும்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் திருப்புதல் தேர்வு, பொதுத்தேர்வு என்று நாள் ஓடிவிட்டது. பதினொன்றாம் வகுப்பில் கணக்கு இல்லாத பிரிவில் வீட்டில் சேர்த்துவிட்டார்கள். நான் வீட்டுக்குப் போய்ப் பேசியிருக்கலாம், போகவில்லை. இருபது வருடத்துக்கு மேலாகியும் அந்த வருத்தம் எனக்குத் தீரவில்லை.

குருதெத்ஸ்கி என்ற சோவியத் உளவியலாளர் 1955 முதல் பன்னிரண்டு வருடம் பள்ளிப் பிள்ளைகளின் கணிதத் திறனை ஆராய்ந்தார். வேகமாகக் கணக்கிடுவது, எண்களையும் சூத்திரங்களையும் நினைவில் வைத்திருப்பது, இவை இருந்தால் நல்லதுதான், ஆனால் கணித மூளைக்கு இவை கட்டாயம் இல்லை என்பது அவர் கண்டவற்றில் ஒன்று. ஒரு கணக்கைப் பார்த்ததும் அதன் எலும்புக்கூட்டைப் பிடிப்பது, ஒன்றில் கண்டதைப் பலவற்றுக்குப் பொதுவாக்குவது, போன வழியிலேயே திரும்பி வர முடிவது, இடையில் உள்ள படிகளைச் சுருக்கி யோசிப்பது, இவற்றைத்தான் அவர் முக்கியமாகச் சொன்னார். கழித்தலில் தடுமாறிய அந்தப் பெண் 12க்கு 8 போர்டில் செய்தது இதைத்தான். உங்கள் பையன் கண்ணில் பட்டதற்குக் காரணம் அவன் வேகமும் அவன் வாயும். மீதி 45 பேரில் வேகமும் இல்லாமல் வாயும் இல்லாமல் யாராவது இருக்கலாம். நம் வகுப்புகளில் அது பெரும்பாலும் ஒரு பெண் பிள்ளையாக இருக்கும். அதனால்தான் நல்ல கணக்கை அவனிடம் மட்டும் தனியாகக் கொடுக்காமல் பலகையில் எழுதுங்கள் என்கிறேன்.

வாரம் ஒரு பீரியட் போதும், வெள்ளிக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் பாடம் நடந்துதானே ஆக வேண்டும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. பயிற்சியில் கடைசியாக இருக்கும் மூன்று கடினமான கணக்குகளை முதலில் செய்யலாம் என்று வகுப்புக்கே அறிவித்துவிடுங்கள். வழிமுறையோடு மூன்றும் சரியாக இருந்தால் மீதிக் கணக்குகளைச் செய்ய வேண்டாம். அவனுக்கு மட்டும் இல்லை, யார் வேண்டுமானாலும் முயற்சி செய்யலாம். நோட்டில் அந்த இடத்தில் "ஆசிரியர் அனுமதியுடன் விடப்பட்டது" என்று எழுதி உங்கள் கையெழுத்தைப் போட்டுவிடுங்கள். இன்ஸ்பெக்ஷன் நாளில் நோட்டுத் திருத்தம் பார்க்கிறவர்கள் கேட்டால் பதில் தயாராக இருக்கும். இதை முன்கூட்டியே ஹெச்.எம்.மிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது. மிச்சமாகும் நேரத்துக்கு அவனுக்கு ஒரு ரஃப் நோட்டு, அதில் வெள்ளிக்கிழமைக் கணக்கின் மிச்சம்.

வழிமுறை எழுதாத விஷயத்துக்கு வருகிறேன். இடையில் உள்ள படிகளைத் தாண்டிப் போவது இவனைப் போன்ற பிள்ளைகளின் இயல்பு என்று பார்த்தோம். எழுதச் சொன்னால் ஏற்கெனவே தெரிந்ததை எதற்கு எழுத வேண்டும் என்றுதான் தோன்றும். உங்கள் பள்ளிக்குக் கூப்பிடு தூரத்தில் இதே வழக்கு ஒருமுறை நடந்திருக்கிறது. 1912 மார்ச் 1ஆம் தேதி ராமானுஜன் மெட்ராஸ் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அங்கே தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயரும் கணிதம் படித்தவர். இருவரும் சாயங்காலங்களில் சிலேட்டை வைத்துக்கொண்டு உட்காருவார்கள். ராமானுஜன் தாவித் தாவிப் போவதைப் பின்தொடர முடியாமல், உன்னுடைய இரண்டு வரிகளுக்கு நடுவே எனக்காகப் பத்து வரியாவது எழுது என்று நாராயண ஐயர் கேட்பாராம். எனக்கு இவ்வளவு எளிதாகத் தெரிவதை எதற்கு விரித்து எழுத வேண்டும் என்று ராமானுஜன் கேட்பாராம். நாராயண ஐயரின் மகன் இதை நினைவுகூர்ந்திருக்கிறார். நாராயண ஐயர் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். மதிப்பெண்ணுக்காகக் கேட்கவில்லை, தனக்குப் புரிய வேண்டும் என்று கேட்டார். நீங்களும் அப்படியே கேட்டுப் பாருங்கள். "எனக்குப் புரியவில்லை, நடுவில் என்ன நடந்தது?" என்று கேட்டால் எழுதுவான்.

அது போதவில்லை என்றால் ஒரு வட்டம் வரையச் சொல்லுங்கள். வட்டத்தின் மேல் இரண்டு புள்ளி வைத்துக் கோட்டால் இணைத்தால் உள்ளே 2 பகுதி. மூன்று புள்ளி வைத்து எல்லாவற்றையும் இணைத்தால் 4. நான்கு புள்ளிக்கு 8. ஐந்துக்கு 16. ஆறு புள்ளிக்கு எத்தனை என்று கேளுங்கள். பென்சிலைத் தொடாமலே 32 என்பான். வரைந்து எண்ணச் சொல்லுங்கள். 31தான் வரும். (புள்ளிகளைச் சம தூரத்தில் வைத்தால் நடுவில் மூன்று கோடு ஒரே இடத்தில் வெட்டி 30 ஆகிவிடும். கொஞ்சம் தள்ளித் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.) நான் இதை வராந்தா தரையில் சாக்பீஸால் பெரிதாக வரையவைப்பேன். ஒரு பையன் மூன்று முறை அழித்து அழித்து வரைந்து, ஒவ்வொரு பகுதிக்குள்ளும் எண் எழுதிக்கொண்டே போய், 31இல் நின்றான். மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. "எங்கே போச்சு மிஸ் அந்த ஒண்ணு?" என்றான். தன் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த ஒன்று பொய்யாகிவிட்ட அந்த நாளுக்குப் பிறகு, ஏன் என்று எழுதச் சொன்னால் அவன் மறுத்ததில்லை.

ஒன்பதாம் வகுப்புப் புத்தகம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அவனாகக் கேட்டால் கொடுங்கள், தடுக்காதீர்கள். நீங்களாகக் கையில் திணிக்க வேண்டாம். அதே மாதிரிக் கணக்குகளை ஒரு வருடம் முன்னதாகச் செய்வான், அடுத்த வருடம் இன்னும் அதிக நேரம் காத்திருப்பான். எட்டாம் வகுப்புப் புத்தகத்திலேயே தோண்ட இடம் இருக்கிறது. தகவல் செயலாக்கம் என்ற பாடத்தை நேரம் போதவில்லை என்று பலர் ஓட்டிவிடுகிறோம். அதை அவன் கையில் கொடுத்து, தானாகப் படித்து வகுப்புக்கு ஒரு பீரியட் எடுக்கச் சொல்லுங்கள்.

மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் வேலையை அவனுக்கு அன்றாடம் வைக்காதீர்கள். எப்போதாவது சரி. சொல்லிக் கொடுப்பது ஒரு தனித் திறமை, அவனுக்கு இன்னும் அது வரவில்லை. அதனால்தான் விடையைக் காட்டிவிடுகிறான். அந்தப் பத்துப் பேருக்கும் அது நல்லதில்லை, ஆசிரியர் தங்களைக் கைகழுவிவிட்டார் என்று நினைப்பார்கள். அவனும் கற்றுக்கொள்ளத்தானே பள்ளிக்கு வருகிறான்.

உங்கள் பயத்தைப் பற்றி. இதைக் கடிதத்தில் எழுதியதற்காக உங்களை மதிக்கிறேன், பலர் எழுத மாட்டார்கள். அவன் கேட்பதற்கு விடை தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லிவிடுங்கள். கேள்வியைப் பலகையின் ஓரத்தில் தேதியோடு எழுதி, அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். இரண்டு பேரும் தேடலாம். எனக்கு இது பழக இரண்டு வருடம் ஆனது. ஆரம்பத்தில், "இதெல்லாம் சிலபஸில் இல்லை, உட்கார்" என்று சொல்லி எத்தனையோ நல்ல கேள்விகளை அமுக்கியிருக்கிறேன். நாம் கணித ஆராய்ச்சியாளர்களாக இருக்க வேண்டியதில்லை. அதே சமயம், பள்ளி ஆசிரியர் ஆராய்ச்சி செய்யக் கூடாது என்றும் யாரும் சொல்லவில்லை. நாசிக் பக்கம் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் காப்ரேகர். 6174 என்ற எண்ணின் விசேஷத்தைக் கண்டவர் அவர்தான். ஏதாவது நான்கு இலக்க எண் எடுத்து, இலக்கங்களை இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் எழுதிக் கழித்துக்கொண்டே போனால், நான்கு இலக்கமும் ஒன்றாக இல்லாத வரை, அதிகபட்சம் ஏழு படிகளில் 6174க்கு வந்துவிடும். 3524இல் தொடங்கினால் 3087, 8352, அடுத்தது 6174. கழித்தல் பழக வேண்டிய பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. கழித்து வரும் எண் எல்லாம் ஏன் 9ஆல் வகுபடுகிறது என்பது உங்கள் பையனுக்கு.

நம் ஊரிலேயே ஒருவர் இருந்தார். முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்த பி.கே.சீனிவாசன். ராமானுஜனின் கடிதங்களையும் அவரைத் தெரிந்தவர்களின் நினைவுகளையும் தேடித் தேடித் தொகுத்தவர். ராயபுரத்தில் 1993இல் ராமானுஜன் அருங்காட்சியகத்தைத் தொடங்கியவரும் அவரே. ஒரு பள்ளி ஆசிரியர் செய்த வேலை இவ்வளவு. திறந்திருக்கும் நேரத்தை விசாரித்துக்கொண்டு ஒருநாள் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள், உங்களுக்குப் பக்கம்தான். போய் வந்த பிறகு அவனைக் "குட்டி ராமானுஜன்" என்று மட்டும் கூப்பிடாதீர்கள், மற்றவர்களையும் கூப்பிட விடாதீர்கள். அப்படிக் கூப்பிட்டால் பிள்ளைகள் தப்பு செய்யப் பயப்படுவார்கள். தெரியாத கணக்கைத் தொடவே மாட்டார்கள். பக்கத்து பெஞ்சில் இருப்பவர்கள் "சீன் போடுறான்" என்பார்கள், அது வேறு.

தேர்வுகள் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்பில் இருக்கிறான் என்பதால் இந்த வருடமே என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வு எழுதலாம், தவறவிடாதீர்கள். அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் படிக்கும், பெற்றோர் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மிகாத பிள்ளைகளுக்கானது. தேர்வானால் ஒன்பதில் இருந்து பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய். அவன் வீட்டுக்கு அது பெரிய தொகை. மனத்திறனுக்கு 90 கேள்வி, படிப்பறிவுக்கு 90 கேள்வி. விண்ணப்ப நாளைப் பள்ளி அலுவலகத்தில் நீங்களே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து, திருவல்லிக்கேணியில் இருக்கும் இந்தியக் கணித ஆசிரியர்கள் சங்கம் நடத்தும் என்.எம்.டி.சி. கணிதத் திறன் தேர்வு. ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பிரிவுக்குக் காப்ரேகர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அந்தச் சங்கத்தில் நீங்களும் உறுப்பினராகலாம், அவர்கள் வெளியீடுகளில் வெள்ளிக்கிழமைகளுக்கு நிறையக் கணக்குகள் கிடைக்கும். ஒலிம்பியாட் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்போதே ஒன்று செய்யலாம். பழைய வினாத்தாள்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கிடைக்கும். தமிழ் வழிப் பிள்ளை கணக்கில் தோற்பதில்லை, "அட் லீஸ்ட்", "டிஸ்டிங்க்ட்", "கன்செக்யூட்டிவ்" என்ற சொற்களில்தான் மாட்டிக்கொள்கிறது. அப்படி ஒரு முப்பது, நாற்பது சொற்களைத் தமிழ் அர்த்தத்தோடு எழுதி நோட்டு அட்டையின் உள்பக்கத்தில் ஒட்டிக் கொடுத்துவிடுங்கள்.

பெற்றோரிடம் பேசும்போது அம்மாவைப் பாருங்கள், அப்பா கடலுக்குப் போயிருப்பார். காலையில் ஏலமும் வியாபாரமும் முடித்து அவர் ஓய்வது மதியத்துக்கு மேல்தான். பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு வரவில்லை என்று குறை சொல்லாமல், அவருக்கு வசதியான நேரத்தில் போங்கள். "உங்க பையன் பெரிய ஆளா வருவான்" என்று சொல்லாதீர்கள், அது எல்லோரும் சொல்வது. அவன் செய்த ஒரு கணக்கைக் காட்டுங்கள். கூடையில் இருக்கும் மீனைக் கூறு கட்டி, விலை சொல்லி, மிச்சம் எவ்வளவு நிற்கும் என்று மனதுக்குள்ளேயே போடுகிறவர் அவர். பையனுக்கு இது எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரிந்திருக்கும், யாரும் அதை அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள் சொல்லுங்கள். கேட்க வேண்டியது இரண்டுதான். சாயங்காலம் ஒரு மணி நேரம் அவனை எந்த வேலைக்கும் அனுப்ப வேண்டாம். பதினொன்றாம் வகுப்பில் பிரிவு எடுக்கும்போது, முடிவு செய்வதற்கு முன்னால் உங்களிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும். இரண்டாவதை இப்போதே சொல்லி வையுங்கள். நான் சொல்லாமல் விட்டது அதுதான்.

கேரம் கணக்கில் ஒரு பகுதியை வேண்டுமென்றே விட்டு வைத்திருக்கிறேன். ஸ்டிரைக்கர் எந்த மூலையில் விழும்? 5க்கு 3 போர்டில் நேர் எதிர் மூலைக்குப் போகிறது. 6க்கு 4இல் மேலே இடது மூலையில் விழுகிறது. நீள அகலத்தைப் பார்த்த உடனே, வரையாமல், எந்த மூலை என்று சொல்ல முடியுமா? முடியும். வெள்ளிக்கிழமை இதைப் பலகையில் எழுதிவிட்டு, அவன் கை தூக்கியதும், "நீ கொஞ்சம் பொறு" என்று சொல்லிவிட்டு நான்காவது பெஞ்சு வரைக்கும் ஒருமுறை நடந்து போய் வாருங்கள். யார் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.